மாற்றியமைத்த ஆர்சி டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்க எக்ஸ்டென்ஷன் கேபிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ரேடியோ கண்ட்ரோல் டிரான்ஸ்மிட்டரின் ரேடியோ பகுதியைக் கழற்றிவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல் (ரேடியோ அலையை அனுப்பும் தனிப் பெட்டி) பொருத்துவது, பின்பக்கத்தில் ஜேஆர் நிறுவன ரேடியோக்களின் அளவில் அமைந்த, அதாவது ஜேஆர் வகை மாட்யூல் குழி அமைப்பது, மெயின் போர்டையே மாற்றுவது என்று ஆர்சி உலகில் கைவேலை நிறைய நடக்கிறது. ஸ்க்ரூ போட்டு மூடிவிட்டால் உள்ளே எதையும் அளக்க முடியாது. திறந்து வைத்தாலோ மாட்யூல் மெயின் போர்டுக்கு எட்டாது. அந்த இடைவெளிக்குத்தான் மாட்யூலையும் டிரான்ஸ்மிட்டரையும் இணைக்கும் இந்த எக்ஸ்டென்ஷன் கேபிள். கீழே வருபவை பெரும்பாலும் ஜேஆர் வகை ஐந்து பின் இணைப்பைப் பற்றியவை. ஸ்டிக் ஒயர்களை நீட்டுவது பற்றியும் ஒரு கேள்வி உண்டு.

மாட்யூலை நேராகக் குழியில் செருகியே சோதித்தால் போதாதா?

வேலை செய்துவிட்டால் போதும். செய்யாதபோதுதான் சிக்கல். மாட்யூல் குழிக்குள் உட்கார்ந்த பிறகு பின்களில் மீட்டர் முனை வைக்க இடமே இருக்காது. பேட்டரி வோல்டேஜ் வருகிறதா, சிக்னல் வருகிறதா, மாட்யூல் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று எதையும் பார்க்க முடியாது. கேபிள் இருந்தால் மாட்யூல் மேசைமேல் கிடக்கும், ஐந்து லைனும் கைக்கு எட்டும்.

ஆனால் கேபிளும் ஒரு பாகம்தான், அதுவும் கெடும். மாற்றிய டிரான்ஸ்மிட்டர், புது மாட்யூல், புதுக் கேபிள் மூன்றையும் ஒரே நேரத்தில் சோதிக்க இறங்கினால் கோளாறு எங்கே என்று கடைசிவரை பிடிபடாது. அதனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான்.

ஐந்து பின்களில் எது எது?

டிரான்ஸ்மிட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி மேலிருந்து கீழே வழக்கமான வரிசை இது:

1. சிக்னல். பிபிஎம் (சேனல்களைத் துடிப்புகளுக்கு இடையேயான தூரமாக அனுப்பும் முறை) அல்லது சீரியல் (பிட் பிட்டாக அனுப்பும் முறை), டிரான்ஸ்மிட்டரிலிருந்து மாட்யூலுக்கு
2. ஹார்ட்பீட். மாட்யூல் ரேடியோவுக்கு அனுப்பும் துடிப்பு, பல ரேடியோக்களில் இணைப்பே இருக்காது
3. பேட்டரி பிளஸ்
4. கிரவுண்ட்
5. டெலிமெட்ரி. மாட்யூலிலிருந்து ரேடியோவுக்குத் திரும்பி வரும் தகவல். சிஆர்எஸ்எஃப் என்ற வேகமான சீரியல் முறையில் போக்கும் வரவும் இதே ஒரு லைனில்தான்

மாற்றியமைத்த டிரான்ஸ்மிட்டரில் இந்த வரிசையை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒயர் இழுத்தவர் நீங்கள்தான் என்றாலும் அளந்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பேட்டரி கனெக்டரின் மைனஸிலிருந்து ஒவ்வொரு பின்னுக்கும் மல்டிமீட்டரின் பீப் முறையில் தொட்டுப் பார்த்தால் கிரவுண்ட் எது என்று தெரியும். பிறகு பேட்டரியை மாட்டி, கிரவுண்டுக்கும் மற்ற நான்குக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். பேட்டரி வோல்டேஜ் ஒரே ஒரு பின்னில்தான் வர வேண்டும். சில ரேடியோக்களில் மெனுவில் வெளி மாட்யூலை ஆன் செய்த பிறகுதான் அந்தப் பின்னில் வோல்டேஜ் வரும். அதை மறந்துவிட்டு போர்டைச் சந்தேகிப்பது அடிக்கடி நடக்கிறது.

எந்த முனையில் ஆண், எந்த முனையில் பெண்?

டிரான்ஸ்மிட்டர் குழியில் நீட்டிக்கொண்டிருப்பது ஆண் பின்கள், மாட்யூலில் இருப்பது துளைகள். ஆகவே கேபிளின் டிரான்ஸ்மிட்டர் முனை பெண், மாட்யூல் முனை ஆண். பின்களின் இடைவெளி 2.54 மி.மீ., பின் 0.64 மி.மீ. சதுரம். ஜம்பர் ஒயர்களில் வரும் சாதாரண டூபான்ட் வகை கனெக்டர்கள் பொருந்தும்.

இடைவெளியைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஐந்து பின்னில் முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடு வரை அளந்து நான்கால் வகுங்கள். 10.16 மி.மீ. வந்தால் 2.54 வகை. 10 வந்தால் ஜேஎஸ்டி எக்ஸ்ஹெச் போன்ற 2.5 வகை, 8 வந்தால் 2 மி.மீ. வகை, 5 வந்தால் 1.25 வகை. 2.5 வகை சாக்கெட் 2.54 பின்னில் கொஞ்சம் அழுத்தினால் ஏறிவிடும். ஏறிய பிறகு ஓரத்துப் பின்களின் பிடி தளர்ந்து, தொட்டால் மட்டும் வேலை செய்யும் கேபிளாகிவிடும்.

ஒயர் எவ்வளவு தடிமன், கேபிள் எவ்வளவு நீளம்?

நீளம் 25 முதல் 30 செ.மீ. திறந்த டிரான்ஸ்மிட்டரை முகம் கவிழ்த்து வைத்து, மாட்யூலைப் பக்கத்தில் வைக்க அது போதும். பிபிஎம் மட்டும் என்றால் அரை மீட்டர் போனாலும் பிரச்சினை வராது. வேகமான சீரியல் என்றால் 20 செ.மீ.க்குள் நிறுத்துவது நல்லது.

தடிமன் 26 கேஜ், இல்லாவிட்டால் 28 கேஜ் (எண் கூடக் கூட ஒயர் மெலியும்). 26 கேஜ் செப்பு ஒயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.13 ஓம், 28 கேஜ் 0.21 ஓம், 30 கேஜ் 0.34 ஓம். 30 செ.மீ. கேபிளில் கரண்ட் போய்த் திரும்பும் மொத்த தூரம் 60 செ.மீ. 28 கேஜில் அது 0.13 ஓம், அரை ஆம்பியர் ஓடினால் 65 மில்லிவோல்ட் குறையும், பொருட்படுத்த வேண்டாம். ஒரு ஆம்பியர் இழுக்கும் அதிசக்தி மாட்யூலுக்கு மட்டும் 3, 4 லைன்களில் 24 கேஜ் பார்க்கலாம். ஆனால் தடித்த சிலிக்கான் உறை டூபான்ட் டெர்மினலின் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) இறக்கைகளுக்குள் அடங்காது, ஹவுசிங் என்ற பிளாஸ்டிக் கூட்டிலும் நுழையாது. உறையோடு 1.5 மி.மீ.க்கு மேல் போகாத ஒயராகப் பாருங்கள்.

ரெடிமேட் ஜம்பர் ஒயர்களை அப்படியே பயன்படுத்தலாமா?

சிக்னலுக்குச் சரி. பேட்டரிக்கும் கிரவுண்டுக்கும் வேண்டாம். மலிவான ஜம்பர்களில் பல சுத்தச் செப்பு அல்ல, செம்பு பூசிய இரும்புக் கம்பி. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒயர் துள்ளி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள். சோதிக்கும்போது முனை கனெக்டரை விட்டு நடு ஒயரில் காந்தத்தை வையுங்கள், ஏனென்றால் சில பின்களே காந்தத்தில் ஒட்டும்.

இன்னொரு குறை, ஜம்பர்கள் ஒவ்வொன்றும் தனித்தனி ஹவுசிங். ஐந்தையும் ஒவ்வொன்றாகச் செருகும்போது என்றாவது ஒரு நாள் ஒன்று இடம் மாறும். உறைகளை உருவிவிட்டு ஐந்து துளை ஹவுசிங் ஒன்றில் சேர்த்து மாட்டிவிடுங்கள்.

சர்வோ எக்ஸ்டென்ஷனை வெட்டிச் செய்யலாமா?

தாராளமாக. நல்ல சர்வோ எக்ஸ்டென்ஷன் ஒயர் செப்பு, முனை ஏற்கெனவே கிரிம்ப் ஆகி (டெர்மினல் ஒயரில் அழுத்திப் பிடிக்கப்பட்டு) இருக்கும், இடைவெளியும் அதே 2.54. இரண்டு எடுத்தால் ஆறு லைன் கிடைக்கும், ஒன்று மிச்சம். ஹவுசிங்கின் சின்ன நாக்கை ஊசி முனையால் தூக்கினால் டெர்மினல் வெளியே வரும், பிறகு ஐந்து துளை ஹவுசிங்கில் செருகலாம். இரண்டு சிவப்பு, இரண்டு கருப்பு என்று நிறம் இரட்டிப்பாக வரும், அங்கேதான் கவனம் வேண்டும். பேட்டரிக்கு ஒரு சிவப்பு, கிரவுண்டுக்கு ஒரு கருப்பு வைத்துக்கொண்டு, மற்ற சிவப்பு கருப்பு ஒயர்களின் இரு முனையிலும் வேறு நிற ஹீட் ஷ்ரிங்க் ஏற்றிவிடுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

26 கேஜ் ஒயர் ஐந்து நிறத்தில், நிறத்துக்கு 35 செ.மீ. ஐந்து துளை டூபான்ட் ஹவுசிங் 2. பெண் டெர்மினல் 5, ஆண் டெர்மினல் 5, கூடவே பாழாவதற்கென்று இரண்டிலும் ஐந்தைந்து கூடுதல். 1.5 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க். கேபிளின் நடுவில் சோதனை போர்டு (கீழே தனிக் கேள்வியாக வருகிறது) வைப்பதானால் துளைகள் நிறைந்த ஒரு சிறு டாட் போர்டுத் துண்டு, பின் ஹெடர் பட்டை, நான்கைந்து ஜம்பர் தொப்பிகள், 470 ஓம் ரெசிஸ்டர் 3, 100 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கபாசிட்டர் ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்று, 0.5 ஆம்பியர் பாலிஃபியூஸ் (கரண்ட் மிகுந்தால் தடுத்து, ஆறியதும் தானாக மீளும் ஃபியூஸ்) ஒன்று. கருவிகளில் கிரிம்ப் கருவிதான் முக்கியம். எஸ்என்-28பி வகை ராட்செட் கருவி போதும். குறடால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது.

கிரிம்ப் செய்வது எப்படி? எங்கே தவறுகிறது?

டெர்மினலின் பின்பகுதியில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன்ஜோடி சிறியது, செம்பைப் பிடிக்க. பின்ஜோடி பெரியது, உறையைப் பிடிக்க. இந்த இரண்டு வேலையும் தனித்தனி.

உறையை 2 முதல் 2.5 மி.மீ. மட்டும் உரியுங்கள். இழைகளை லேசாக முறுக்குங்கள், ஈயம் பூசாதீர்கள். டெர்மினலைக் கருவியின் பள்ளத்தில் இறக்கைகள் சரியான பக்கம் பார்க்க வைத்து, ஒரு கிளிக் மட்டும் அழுத்தினால் டெர்மினல் விழாமல் நிற்கும். இப்போது ஒயரை நுழையுங்கள். உறையின் விளிம்பு இரண்டு ஜோடிக்கும் நடுவில் நிற்க வேண்டும். பிறகு ராட்செட் தானாக விடும் வரை அழுத்துங்கள்.

முடிந்ததும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். முன்ஜோடி இரண்டும் உள்நோக்கி வளைந்து செம்புக்குள் இறங்கியிருக்க வேண்டும், இழைகளின் நுனி அதற்கு முன்னால் ஒரு மயிரிழை அளவு தெரிய வேண்டும். பின்ஜோடி உறையைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும், அதைக் குத்திக் கிழித்திருக்கக் கூடாது. அதிகம் உரித்தால் செம்பு பின்ஜோடிக்குள் போய்விடும். ஒயரை ஆட்ட ஆட்ட நாலாம் நாள் அறுந்துபோகும். குறைவாக உரித்தால் முன்ஜோடி உறைமேல் உட்கார்ந்துவிடும். அப்போது பார்வைக்கு அழகாக இருக்கும், பீப்கூட வரலாம், லோடு ஏறினால் கைவிடும். இந்த இரண்டாவது வகைதான் அதிகம் அலைக்கழிக்கும்.

கடைசியில் டெர்மினலை ஒரு கையிலும் ஒயரை மறு கையிலும் பிடித்து உறுதியாக இழுங்கள். வந்துவிட்டால் நல்லது, இப்போதே வந்ததே.

கிரிம்ப் மேல் சால்டர் வைத்தால் இன்னும் உறுதி அல்லவா?

நல்ல கிரிம்புக்குத் தேவையில்லை. ஈயம் இழைகளுக்குள் ஊறி, உறைக்குள் சில மி.மீ. ஏறி, அந்த இடம் விறைத்த கம்பியாகிவிடும். அது முடியும் இடத்தில் ஒயர் முறியும். கருவியே இல்லை, குறடுதான் கதி என்றால் சால்டர் வைக்கலாம். ஆனால் துளி அளவு, முன்ஜோடியில் மட்டும். மேலே ஹீட் ஷ்ரிங்க் கட்டாயம். பெண் டெர்மினலின் வாய்க்குள் ஈயம் ஓடினால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

தலைகீழாகவோ ஒரு பின் தள்ளியோ செருகிவிட்டால் என்ன ஆகும்?

மூன்று விபத்துகள் உண்டு, மூன்றும் வேறு வேறு.

தலைகீழ்: 1க்கு 5, 2க்கு 4, 3க்கு 3. பேட்டரி பிளஸ் நடுவில் இருப்பதால் அது சரியான இடத்துக்கே போகிறது! கிரவுண்ட்தான் ஹார்ட்பீட் பின்னுக்குப் போய்விடுகிறது. மாட்யூலுக்கு பிளஸ் உண்டு, திரும்பும் வழி இல்லை. மாட்யூலின் கிரவுண்ட் பிளஸ் பக்கம் ஏறி, சிப்பின் பாதுகாப்பு டயோடு வழியாக சிக்னல் லைன்களில் புகுந்து, டிரான்ஸ்மிட்டர் ப்ராசசரின் பின் வழியாக வெளியேறப் பார்க்கும். மாட்யூலின் எல்இடி மங்கலாக எரிந்து மினுக்குவது இதற்கு ஒரு அடையாளம். அதைப் பார்த்தால் யோசிக்காமல் ஆஃப் செய்யுங்கள்.

ஒரு பின் தள்ளி, மாட்யூலின் கிரவுண்ட் துளையில் பேட்டரி பிளஸ் விழுவது: அப்போது டெலிமெட்ரி பின் கிரவுண்டில் இருக்கும். முழு பேட்டரி வோல்டேஜும் அந்தப் பின்னின் டயோடில் விழும். கருகுவதற்கு ஒரு விநாடி அதிகம்.

மறுபக்கம் தள்ளினால் பேட்டரி பிளஸ் ஹார்ட்பீட் பின்னில் ஏறும். மாட்யூலில் அந்தப் பின் இணைப்பில்லாமல் இருந்தால் தப்பிக்கலாம். அந்த அதிர்ஷ்டத்தை நம்பக் கூடாது.

தடுப்பது எளிது. டிரான்ஸ்மிட்டர் முனை ஹவுசிங்கில் 1ஆம் பின் பக்கம் நகப்பூச்சால் ஒரு கோடு, மாட்யூல் முனையிலும் அதே பக்கம் ஒரு கோடு. ஒரு பின் தள்ளிச் செருக முடியாதபடி ஹவுசிங்கின் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒட்டி, குழியின் அகலத்துக்குச் சரியாக ஆக்கிவிடுங்கள். ஹார்ட்பீட் உங்களுக்குத் தேவையில்லை என்றால் 2ஆம் ஒயரையே போடாமல் விடலாம். ஒரு விபத்து குறையும்.

கேபிளுக்குள் கிரவுண்ட் ஒயர் மட்டும் அறுந்தாலும் தலைகீழாகச் செருகியதன் விளைவேதான். பேட்டரி ஒயர் அறுந்தால் மாட்யூல் அணையும், அவ்வளவுதான். கிரவுண்ட் அறுந்தால் போர்டு போகும். ஐந்து கிரிம்பில் மிக நன்றாக வந்ததை 4ஆம் லைனுக்கு வையுங்கள்.

நடுவில் ஒரு சோதனை போர்டு வைப்பது வீண் வேலையா?

கேபிளின் பாதிப் பயன் அதில்தான். 5 செ.மீ. டாட் போர்டில் ஐந்து லைனையும் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பின் ஹெடர் வைத்து ஜம்பர் தொப்பியால் மூடுங்கள். தொப்பியை எடுத்தால் அந்த லைன் அறுபடும். 3ஆம் லைனின் தொப்பி இடத்தில் அம்மீட்டரை மாட்டினால் மாட்யூலின் கரண்ட் தெரியும். 4ஆம் லைனுக்கு மட்டும் தொப்பி வேண்டாம். மேலே சொன்ன காரணத்தால் அது அறுபடவே கூடாது, நேரடி ஒயர்தான்.

1, 2, 5 லைன்களில் தொடராக 470 ஓம் ரெசிஸ்டர். தவறான வோல்டேஜ் ஏறினாலும் 8.4 வோல்ட்டில் 18 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடாது. சிப் பிழைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, வாய்ப்பு கூடும். 3ஆம் லைனில் பாலிஃபியூஸ், அதற்கு அடுத்து மாட்யூல் பக்கம் 100 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் இரண்டும் கிரவுண்டுக்கு. மாட்யூல் துடிப்புத் துடிப்பாகத்தான் அனுப்புகிறது, கரண்டும் அப்படியே இழுக்கிறது. நீண்ட ஒயரில் அந்தத் துடிப்புக்கு வோல்டேஜ் சரியாமல் இருக்க இந்தக் கபாசிட்டர்.

கேபிளை மட்டும் எப்படிச் சோதிப்பது?

எங்கும் செருகாமல், முதலில் பீப். ஒரே எண்ணுள்ள பின்கள் ஐந்துக்கும் பீப் வர வேண்டும். ரெசிஸ்டர் வைத்த லைன்களில் பீப் வராது, மீட்டரை ஓமில் வைத்து 470ஐப் பாருங்கள். பிறகு குறுக்கே 1-2, 1-3 என்று பத்து ஜோடி. எதிலும் பீப் வரக்கூடாது. 3-4 ஜோடியில் கபாசிட்டர் இருப்பதால் தொட்ட கணம் சின்ன பீப் வந்து அடங்கும், அது சரிதான்.

பீப் வைத்துக்கொண்டே கனெக்டரின் வாயருகே ஒயரை நாலு திசையும் வளையுங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் அந்தக் கிரிம்பை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பீப் வந்தால் தொடர்பு இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், கரண்டைத் தாங்குமா என்று தெரியாது. அதற்கு லோடு வேண்டும். மாட்யூல் முனையில் 3, 4க்கு இடையே 22 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், மறுமுனையில் 7.4 முதல் 8.4 வோல்ட். சுமார் 0.35 ஆம்பியர் ஓடும். இப்போது மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கிரவுண்ட் லைனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக அளங்கள். 26 கேஜ் 30 செ.மீ. கேபிளில் ஒயருக்கு 14 மில்லிவோல்ட், கனெக்டர்களுக்கு இன்னும் 10 முதல் 20. மொத்தம் 40க்குள் நின்றால் நல்ல கேபிள். 100 காட்டினால் ஏதோ ஒரு கிரிம்ப் உறைமேல் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரி லைனிலும் இதையே செய்யலாம். அங்கே பாலிஃபியூஸின் தடையும் சேரும், அதன் பங்கைத் தனியாக அளந்து கழித்துவிடுங்கள். ரெசிஸ்டர் கைசுடும், மேசையில் நேராக வைக்காதீர்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது என்ன வரிசை?

ஆஃப் நிலையில் கேபிளைச் செருகு, மாட்யூலில் ஆண்டெனா மாட்டு, பிறகு ஆன். ஓடும்போது எதையும் செருகவோ பிடுங்கவோ கூடாது. டூபான்ட் பின்கள் எல்லாம் ஒரே நீளம் என்பதால் சற்றுச் சாய்வாகச் செருகினால் கிரவுண்டுக்கு முன் பிளஸ் தொட்டுவிடும்.

கரண்ட் வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளை இருந்தால் பேட்டரிக்குப் பதில் அதை மாட்டி, வோல்டேஜை பேட்டரி அளவுக்கும் வரம்பை 300 மில்லிஆம்பியருக்கும் வையுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி லைனில் அதே 22 ஓம் 5 வாட் ரெசிஸ்டரைத் தொடராக வைக்கலாம்; 8.4 வோல்ட்டில் ஷார்ட் ஆனாலும் 0.4 ஆம்பியரைத் தாண்டாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் அதை எடுத்துவிடுங்கள், வைத்துக்கொண்டே ஓட்டினால் வோல்டேஜ் சரிந்து மாட்யூல் ரீசெட் ஆகும்.

பழைய டிரான்ஸ்மிட்டரில் எட்டு செல் நிக்கல் பேக் இருந்தால் பெயரளவில் 9.6 வோல்ட், முழு சார்ஜில் 11 வோல்ட்டைத் தாண்டும். இரண்டு செல் லித்தியம் 8.4 வோல்ட். மாட்யூல் எவ்வளவு தாங்கும் என்பதை அதன் குறிப்பில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

இன்னொன்று: ரிசீவரோடு மோட்டார் இணைந்திருந்தால் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். சோதனைக் கேபிளில் ஒரு லைன் விட்டு விட்டுப் போனால் திராட்டில் எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆஸிலோஸ்கோப் இல்லாமல் சிக்னல் வருகிறதா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பிபிஎம் என்றால் முடியும். எட்டு சேனல் பிபிஎம்மில் ஒவ்வொரு 22.5 மில்லிவிநாடிக்கும் ஒன்பது குறுகிய துடிப்புகள், ஒவ்வொன்றும் சுமார் 0.3 மில்லிவிநாடி. கூட்டினால் 2.7, அதாவது 12 சதவீதம். மல்டிமீட்டர் டிசியில் சராசரியைத்தான் காட்டும். 3.3 வோல்ட் சிக்னலில் 1ஆம் பின் சுமார் 0.4 வோல்ட் காட்டும். துருவம் தலைகீழ் என்றால் 2.9. அசையாமல் 0 அல்லது 3.3 காட்டினால் துடிப்பே இல்லை. ஸ்டிக்கை அசைத்தாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் மாறுவது துடிப்புகளுக்கு இடையேயான தூரம்தான். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சீரியலுக்கு இந்த வித்தை பலிக்காது. எட்டு சேனல் 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் ஒன்று வாங்கி, பல்ஸ்வியூ மென்பொருளில் பாருங்கள். பிபிஎம்மையும் அதிலேயே பார்க்கலாம். அனலைசரை பேட்டரி லைனில் மட்டும் தொட்டுவிடாதீர்கள், அது 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

நேராகச் செருகினால் ஓடுகிறது, கேபிளில் டெலிமெட்ரி அறுந்து அறுந்து வருகிறது. ஏன்?

வேகம்தான் காரணமாக இருக்கும். சிஆர்எஸ்எஃப் 400 ஆயிரம் பாட் (விநாடிக்கு 400 ஆயிரம் பிட்) வேகத்தில் ஓடும்போது ஒரு பிட் 2.5 மைக்ரோவிநாடி. 1.87 மெகாபாட் என்றால் அரை மைக்ரோவிநாடிதான். கேபிளின் கபாசிட்டன்ஸும் லைனைத் தூக்கிப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டரும் சேர்ந்து விளிம்புகளைச் சரிவாக்கிவிடும். 10 கிலோஓம் புல்-அப்பும் 50 பிகோஃபாரடும் சேர்ந்தால் தாமதம் அரை மைக்ரோவிநாடி, அதாவது ஒரு முழு பிட்.

ரேடியோவில் ஓடும் எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் வெளி மாட்யூலின் பாட் ரேட்டை 400 ஆயிரத்துக்கு இறக்கிப் பாருங்கள். தீர்ந்தால் கேபிள் குற்றம், ரேடியோ குற்றம் அல்ல. தீராவிட்டால் 5ஆம் லைனில் உள்ள 470 ஓம்மைத் தற்காலிகமாக ஷார்ட் செய்து பாருங்கள். சிக்னல் ஒயரைக் கிரவுண்ட் ஒயரோடு முறுக்கிவிடுவதும் உதவும். பேட்டரி ஒயரோடு முறுக்கினால் துடிப்புகள் சிக்னலில் ஏறும்.

ஸ்டிக் ஒயர்களையும் நீட்டினேன். இப்போது சேனல் நடுங்குகிறது.

ஸ்டிக்கின் பொட்டன்ஷியோமீட்டர் பொதுவாக 5 கிலோஓம். மேலே சப்ளை, கீழே கிரவுண்ட், நடுவில் ஸ்டிக்கோடு நகரும் முனையான வைப்பர். 12 பிட்டில் 3.3 வோல்ட் 4096 படியாகப் பிரிகிறது, ஒரு படி 0.8 மில்லிவோல்ட். நீட்டிய கிரவுண்ட் ஒயர் ஒன்றையே ஸ்டிக்கும் திரை விளக்கு, மாட்யூல் போன்றவையும் பகிர்ந்துகொண்டால், 200 மில்லிஆம்பியர் ஓடும்போது 30 செ.மீ. 28 கேஜ் ஒயரில் 13 மில்லிவோல்ட் ஏறும். அதுவே பதினாறு படி. மாட்யூல் துடிக்கத் துடிக்க அந்தப் பதினாறும் துடிக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: சேனல் மானிட்டரில் ஸ்டிக்கை முழுக்கக் கீழே, நடுவில், முழுக்க மேலே வைத்துப் பாருங்கள். ஒரு கோடியில் நடுக்கம் அதிகம், நடுவில் பாதி, மறுகோடியில் ஒன்றுமில்லை என்றால் கிரவுண்ட் பகிர்வுதான் காரணம். எந்த இடத்திலும் ஒரே அளவு நடுங்கினால் வைப்பர் ஒயரில் இரைச்சல் ஏறுகிறது. முதலாவதற்கு ஸ்டிக்குகளுக்கென்று தனிக் கிரவுண்ட் ஒயர் இழுங்கள். இரண்டாவதற்கு வைப்பர் ஒயரை ஸ்டிக்கின் கிரவுண்டோடு முறுக்கி, போர்டு முனையில் வைப்பருக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் வையுங்கள். கேபிளோடு கேலிபரேஷன் செய்து சேமித்துவிட்டால், கேபிளை எடுத்த பிறகு மறுபடி செய்ய வேண்டும்.

ஆண்டெனாவையும் இதே மாதிரி நீட்டலாமா?

கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் சாதாரண ஒயர் கேபிளாக நடக்காது. ஆண்டெனா கோஆக்ஸ் கேபிளின் முனையில் உறை நீங்கித் தெரியும் கம்பி 31 மி.மீ., கால் அலைநீளம். அதை வெட்டவோ ஒட்டவோ செய்தால் சக்தி திரும்பி மாட்யூலின் ஆம்ப்ளிஃபயருக்கே போகும். மாட்யூலோடு வந்த ஆண்டெனாவை மாட்யூலிலேயே வைத்து, மாட்யூலை நகர்த்துங்கள். ஆண்டெனா இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஆன் செய்யாதீர்கள். மேசையில் 10 அல்லது 25 மில்லிவாட் போதும். ரிசீவரை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள், ஒட்டி வைத்தால் அது திணறி இணைப்பு அறும்.

35 அல்லது 72 மெகாஹெர்ட்ஸ் பழைய பகுதியைக் கழற்றாமல் சோதிக்கிறேன். வேறு கவனம் உண்டா?

உண்டு. இந்த அதிர்வெண்களில் 30 செ.மீ. கேபிளே ஆண்டெனாவின் ஒரு பகுதிபோல் நடந்துகொள்ளும், ரேடியோ சக்தி சிக்னல் லைனில் புகுந்து சேனல்கள் துள்ளும். கேபிளின் இரு முனையிலும் கிளிப் வகை ஃபெரைட் மாட்டுங்கள், அதற்குள் கேபிளை இரண்டு சுற்று விட்டால் இன்னும் நல்லது. டெலஸ்கோப் ஆண்டெனாவை மடக்கியபடி நீண்ட நேரம் ஓட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடாகும். 100 ஓம் 1 வாட் கார்பன் ரெசிஸ்டர் இரண்டை இணையாகச் சேர்த்து, ஆண்டெனா இடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே வைத்தால் மேசைச் சோதனைக்கு உதவும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம், அது காயிலாகவும் வேலை செய்யும். கேபிளோடு டியூனிங் திருகுகளைத் தொடவே தொடாதீர்கள். கேபிளுக்குச் சரிசெய்த டியூனிங் மூடிய டிரான்ஸ்மிட்டருக்குப் பொருந்தாது.

ரேஞ்ச் சோதனையைக் கேபிளோடு செய்யலாமா?

வேண்டாம். மாட்யூல் குழியில், பின்மூடி மூடி, வழக்கம்போல் கையில் பிடித்து, ரேஞ்ச் செக் முறையில்தான் செய்ய வேண்டும். கேபிளில் கிடைத்த ரேஞ்ச் எண் நல்லதாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

கேபிளை எப்படி வைத்துக்கொள்வது?

மாட்யூல் முனையில் ஒயர்களைச் சேர்த்து ஒரு கேபிள் டை போட்டு, மாட்யூலின் எடை பின்களில் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காமல் ஹவுசிங்கைப் பிடித்து எடுங்கள். பெண் டெர்மினல்கள் செருகிச் செருகி வாய் விரிந்து தளரும். தனி ஒரு பின்னைத் துளையில் செருகித் தலைகீழாகப் பிடித்தால், தன் எடையிலேயே நழுவி விழுகிற டெர்மினலை மாற்ற வேண்டும். 4ஆம் துளையை முதலில் பாருங்கள்.